ஒரு பல்லவிக்கு இருபத்தெட்டு வெடி

தாராவி, மும்பை
19-1-2003

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்வக்குமார் எழுதுவது. நான் இங்கே சுகம். நீயும் மச்சானும் சினேகாவும் சுகமா? பொங்கலுக்கு வரவில்லை என்று என்மேல் கடுப்பில் இருப்பாய். ஸ்டுடியோ முதலாளியிடம் லீவு கேட்டேன். ஒயர் சுற்றுகிறவன் லீவு கேட்டால் அந்த ஒயரை வைத்தே கட்டிப் போடுவேன் என்கிறார்.

இத்துடன் ஒரு கேசட் இருக்கிறது. குழுவின் பெயர் ஏழாம் நம்பர் பிளாட்பாரம். ரயில்வேயில் வேலை பார்க்கிற நான்கு பேர், மராத்தியில் பாடுகிறார்கள். எந்தக் கம்பெனியும் இவர்களைச் சீந்தவில்லை. தாங்களே பதிந்து, தாங்களே பையில் சுமந்து விற்கிறார்கள். இதுவரை எண்பது பேர் வாங்கியிருந்தால் அதிகம். அசல் என்னிடம் இருக்கட்டும் என்று உனக்கு நகல் எடுத்து அனுப்புகிறேன். முதல் பக்கம் மூன்றாவது பாட்டில் டோலக் நுழைகிற இடத்தைக் கேள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆனாலும் உன் காதில் ஏறி, நீ சரி என்றால்தான் எனக்கு அது பாட்டு. கேட்டுவிட்டு உள்ளதை எழுது.

மச்சானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
செல்வக்குமார்


விஸ்வநத்தம்
2-2-2003

அன்புத் தம்பிக்கு,

அக்கா செல்வலட்சுமி எழுதிக்கொண்டது. நானும் உன் மச்சானும் சுகம். சினேகாவுக்குச் சளி, கஷாயத்தைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கேசட் கேட்டேன். பாடுகிறவன் கஞ்சி குடிக்காதவன் போல இழுக்கிறானே என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நம் வெள்ளிச்சரம் குழுவின் ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கி வைத்துப் பார்த்தேன். அவர்கள் சுருதி இரண்டு கட்டைக்கு நடுவே நிற்கிறது. அப்படி ஒரு சுருதி எந்த ஆர்மோனியத்திலும் கிடையாது. நீ நகல் எடுத்த மிஷின் வேகமாக ஓடியிருக்கிறது, அதனால் மற்ற செட்டில் போட்டால் இழுக்கிறது. அவன்மேல் தப்பில்லை, மிஷினை மாற்று. அந்த டோலக் நுழைகிற இடம் நீ சொன்னது சரிதான். நான்கு தடவை திருப்பிப் போட்டேன். உன் மச்சான், "எம்புட்டு நேரந்தான் இந்த இரைச்சல்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பதிலுக்கு நான் ஒன்று அனுப்புகிறேன். சாத்தூர்ப் பக்கத்து மொக்கைச்சாமி செட்டின் நையாண்டி மேளம், கல்யாண வீட்டில் யாரோ டேப்பில் பிடித்தது. ஒத்து ஊதுகிறவர் நடுவில் இருமுகிறார். அவர் இருமுவதுகூடத் தாளத்தில்தான் விழுகிறது.

நம் அணைக்கரைப் பாட்டை நானும் பஞ்சம்மாளும் பட்டாசு ஆபீசில் சரம் பின்னும்போது இன்னும் பாடுகிறோம். ஒரு பல்லவிக்கு இருபத்தெட்டு வெடி பின்னுவேன். இருபத்தொன்பது வந்தால் பஞ்சம்மாள் இழுக்கிறாள் என்று அர்த்தம். இருபத்தேழு வந்தால் எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். போர்மேன் வந்து, "ஏத்தா, இங்கன என்ன கச்சேரியா நடக்கு?" என்பார். சரம் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


தாராவி
11-5-2003

அன்புள்ள அக்காவுக்கு,

அங்கே வெயில் எப்படி? வேலை பார்க்கிற இடத்தில் கவனமாக இருங்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

நல்ல சேதி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டுடியோ சும்மாதானே கிடக்கிறது, நீ பதிந்துகொள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நம் வெள்ளிச்சரம் குழுவின் எட்டுப் பாட்டையும் ஒரு கேசட்டாகக் கொண்டுவரப் போகிறேன். பாட்டு என்னுடையது, தாளம் என்னுடையது, குரல் உன்னுடையது. தீபாவளி சீசன் முடிந்ததும் நீ வர வேண்டும். பத்து நாள் போதும். வேறு யாரையும் வைத்து இதைச் செய்ய எனக்கு மனசில்லை.

1999இல் ஆனைக்குட்டம் சாமி கும்பிடுக்குப் பாடினோமே, அதை மைக்செட் நல்லசிவம் அண்ணாச்சி டேப்பில் பிடித்தார். அது இன்னும் அவரிடம் இருக்கிறதா என்று கேள். எனக்கு அந்தக் குரல்தான் வேண்டும்.

இந்தத் தடவை அனுப்புகிற கேசட்டில் உள்ள குழுவின் பெயரைத் தமிழில் சொன்னால் ஈரச்சாக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற மூன்று பேர், குடவுனில் உட்கார்ந்து பாடிப் பதிந்தது. இவர்களைப் பற்றி இந்த ஊரிலேயே பத்துப் பேருக்குத் தெரியாது. இரண்டாவது பாட்டில் தகரக் கூரையில் மழை பெய்கிறது. அதையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள். மழை எந்தச் சுருதியில் பெய்கிறது, சொல் பார்ப்போம்.

தம்பி


விஸ்வநத்தம்
8-6-2003

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் கடிதத்தைப் பஞ்சம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். "பம்பாய்க்குப் போறவ என்னையும் ஒரு பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போத்தா" என்கிறாள்.

வருகிறேன்லே. நவம்பரில் வருகிறேன். உன் மச்சானிடம் பயந்துகொண்டே கேட்டேன். "போயிட்டு வா, பத்து நாளைக்கு வீட்டுல சத்தம் இருக்காதுல்ல" என்றார். சொல்லிவிட்டு டவுனுக்குப் போய் எனக்கு ரயில் பயணத்துக்கு ஒரு பெட்டி வாங்கி வந்திருக்கிறார். சிவப்புப் பெட்டி. சினேகா இப்போதே அதற்குள் உட்கார்ந்துகொண்டு ரயில் ஓட்டுகிறாள்.

ஈரச்சாக்கு இன்னும் கேட்கவில்லை. நம் டேப்பில் பெல்ட் அறுந்துவிட்டது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் முதல் வேலை மழைக்குச் சுருதி பிடிப்பதுதான். நல்லசிவம் அண்ணாச்சி டேப்பைத் தேடித் தருகிறேன் என்றிருக்கிறார்.

இப்போது தினமும் வேலையிலேயே சாதகம் நடக்கிறது. இருபத்தெட்டு, அச்சு மாறவில்லை.

அக்கா


தாராவி
30-8-2003

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. மளிகைக் கடை நம்பருக்கு இரண்டு தடவை போன் பண்ணினேன். இரண்டு தடவையும் மச்சான்தான் வந்தார். "அக்கா நல்லாருக்கா மாப்ள, வேலையா இருக்கா" என்றார். மச்சான் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூலை மாதம் நம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் விபத்து என்று இங்கே பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தான். ஆபீஸ் பெயர் போடவில்லை. உங்கள் ஆபீஸ் இல்லையே? ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் நான் ரயில் ஏறிவிடுவேன்.

தம்பி


விஸ்வநத்தம்
12-9-2003

அன்புத் தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ ரயில் ஏற வேண்டாம். எனக்குக் கை கால் எல்லாம் முழுசாக இருக்கிறது. சினேகா பள்ளிக்கூடம் போகிறாள்.

ஈரச்சாக்கு கேட்டேன். முதல் பாட்டு ஐந்து நிமிடம். இரண்டாவது பாட்டில் மழை பெய்கிறது. மூன்றாவது பாட்டு சோகம். நடுவில் நாய் குரைத்தது, அது பாட்டில் குரைத்ததா தெருவில் குரைத்ததா என்று தெரியவில்லை. நல்லா இருக்கு.

பஞ்சம்மாள் இப்போது வேலைக்கு வருவதில்லை. நானும் வீட்டில்தான் இருக்கிறேன்.

தம்பி, என்னால் மும்பைக்கு வர முடியாது. வேறு நல்ல குரலாகப் பார்த்துப் பாட வை. காரணம் கேட்காதே. உன் மச்சான் தடுக்கவில்லை, அவர்மேல் கோபப்படாதே. போன் பண்ணாதே, கடைக்காரருக்குத் தொந்தரவு. ஆனால் கேசட் அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதேலே. வந்துகொண்டே இருக்கட்டும்.

அக்கா


தாராவி
9-1-2004

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? நான் நான்கு மாதம் கடிதம் எழுதவில்லை. கோபம்தான், மறைக்கவில்லை. சிவப்புப் பெட்டி வாங்கி வைத்துவிட்டு வரமாட்டேன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். மழைக்கு என்ன சுருதி என்று கேட்டால் மழை பெய்கிறது என்கிறாய். அது எனக்குத் தெரியாதா? ஏதோ கடமைக்குக் கேட்டது போல இருந்தது.

போகட்டும். பதிவு முடிந்துவிட்டது. இங்கே தாராவியில் இருக்கிற வீரலட்சுமி என்கிற பெண் பாடியிருக்கிறாள். கீச்சுக் குரல், ஆனால் சுத்தமான சுருதி. ஒவ்வொரு பாட்டையும் நீ பாடினால் எப்படிப் பாடுவாய் என்று சொல்லிச் சொல்லித்தான் அவளைப் பாட வைத்தேன்.

எட்டுப் பாட்டும் இந்தக் கேசட்டில் இருக்கிறது. இந்த ஸ்டுடியோவின் ஒரே கேசட் டெக்கில் கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. நம் வீட்டு செட்டில் போட்டு, நீ கேட்டு, சரி என்று ஒரு வரி எழுதினால் ஐந்நூறு கேசட் அடிக்கக் கொடுத்துவிடுவேன். உன் வரி வரும்வரை கொடுக்க மாட்டேன். இதில் எனக்கு வேறு யாரிடமும் நம்பிக்கை இல்லை.

தம்பி


விஸ்வநத்தம்
28-1-2004

அன்புத் தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். கேசட் கேட்டேன். எட்டுப் பாட்டும் நல்லா இருக்கு. அணைக்கரைப் பாட்டு ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பெண்ணுக்கு நல்ல கனமான குரல். உன் பெயர் பெரிதாக வர வேண்டும்.

அடிக்கக் கொடு.

அக்கா


தாராவி
7-3-2004

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று இங்கே தமிழ்ச் சங்க ஹாலில் கேசட்டை வெளியிட்டோம். ஹாலில் இருந்த செட்டில் போட்டார்கள். முதல் வரியிலேயே எல்லாம் போய்விட்டது. பாட்டு இழுக்கிறது. வீரலட்சுமி குரல் ஆம்பிளைக் குரலாக இறங்கிக் கேட்கிறது. முன்வரிசையில் சிரித்தார்கள். அவள் எழுந்து வெளியே போனவள் திரும்பி வரவில்லை. பிறகுதான் பார்த்தேன். கடைசியாக ஒன்றுசேர்த்துப் பதிந்த டெக்கின் மோட்டார் வேகமாக ஓடியிருக்கிறது. அதே டெக்கில் கேட்டால் ஒன்றும் தெரியாது, மற்ற எந்த செட்டில் போட்டாலும் தெரியும். உன் வீட்டு செட்டில் போட்டாலும் தெரியும். ஐந்நூறு கேசட்டும் அப்படியே கிடக்கிறது. விற்றுத் தருகிறேன் என்ற கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வருஷம் யாரோ ஒரு மராத்திக்காரன் பாட்டுக்கு ஆர்மோனியத்தை இறக்கி வைத்துச் சரிபார்த்தவள் நீ. கீச்சுக் குரல் என்று நான் எழுதியும் கனமான குரல் என்று நீ எழுதினாய். அவசரத்தில் எனக்குத்தான் உறைக்கவில்லை. நீ கேட்கவே இல்லை, அப்படித்தானே? இல்லை, நீ பாட வேண்டிய பாட்டை இன்னொருத்தி பாடிவிட்டாள் என்று மனசுக்குள் இருந்ததா? எதுவாக இருந்தாலும் சொல்லியிருக்கலாம். நீ சொல்லாமல் விட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனிமேல் கேசட் அனுப்ப மாட்டேன்.

செல்வக்குமார்


விஸ்வநத்தம்
18-3-2004

அன்பு மாப்பிள்ளைக்கு,

சங்கிலிமுத்து எழுதுவது. நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை உங்கள் அக்கா படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. இனிமேலும் மறைத்தால் நான் மனுஷன் இல்லை.

ஜூலை பதினேழாம் தேதி விபத்து நடந்தது அவள் வேலை பார்த்த ஆபீசில்தான். பக்கத்து ரூமில் மருந்து கலக்கும்போது வெடித்துவிட்டது. பஞ்சம்மாள் வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் இப்போது இல்லை. உங்கள் அக்காவுக்கு வெளிக்காயம் அதிகமில்லை. இருபது நாள் மதுரையில் வைத்துப் பார்த்தோம். இரண்டு காதும் போய்விட்டது மாப்பிள்ளை. மிஷின் வைத்தாலும் கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று சினேகா தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். "தெரிஞ்சா ஓடி வந்துருவான், வந்தா இங்கனயே பட்டாசு ஆபீசுல வேலைக்கு நின்னுருவான், அவன் பாட்டு அம்புட்டுதான்" என்றாள். சத்தியத்தை இன்று மீறிவிட்டேன்.

கேசட் எல்லாம் நான்தான் கேட்டேன். வேலை பார்க்கிற அச்சாபீசில் கழித்துப்போட்ட காலண்டர் தாளின் முதுகில், கேட்டதை எழுதிக் கொடுப்பேன். அதைப் பார்த்து அவள் உங்களுக்கு எழுதுவாள். இரைச்சல் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போன ஆள்தான் நான். இப்போது ஒவ்வொரு கேசட்டையும் மூன்று தடவை கேட்கிறேன். கேட்டு என்ன? எனக்குத் தெரிந்தது பெரிய சத்தம், சின்ன சத்தம், சோகம், நல்லா இருக்கு. இவ்வளவுதான். தாளைப் பார்த்துவிட்டு, "அம்புட்டுதானா?" என்று கேட்பாள். இப்போதெல்லாம் அவள் குரல் ரொம்பப் பெரிதாக வருகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது. அது அவளுக்குத் தெரியாது. நாங்களும் சொல்வதில்லை.

அந்தப் பெண்ணின் குரல் கனமாகத்தான் கேட்டது. அவள் குரலே அப்படிப் போலும் என்று எழுதிக் கொடுத்தேன். உங்கள் கேசட் கெட்டது என்னால்தான். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.

அவள் கடிதமும் ஒரு டேப்பும் இதே பார்சலில் இருக்கிறது.

சங்கிலிமுத்து


விஸ்வநத்தம்
18-3-2004

அன்புத் தம்பிக்கு,

உன் மச்சான் எழுதிவிட்டார், இனி எனக்கு எழுத அதிகமில்லை. அவர்மேல் தப்பே இல்லை. ஒன்றுமட்டும் சொல்லிவிடுகிறேன், நான் உன் பாட்டைக் கேட்காமல் விடவில்லை.

அவர் கேசட்டைப் போட்டதும் ஸ்பீக்கர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். மருந்து அடைக்காத வெறும் குழாயும் நூலும் வீட்டில் கொஞ்சம் கிடந்தது. அணைக்கரைப் பாட்டில் பல்லவி தொடங்கும்போதும் முடியும்போதும் உன் மேளத்தின் உருட்டு அடி வரும் என்று எனக்குத் தெரியும். அது மடியில் தட்டுப்பட்டதும் பின்ன ஆரம்பித்தேன். அடுத்த உருட்டு வந்தபோது எண்ணினேன். முப்பது. திரும்பப் போடச் சொன்னேன். முப்பது. மூன்றாம் தடவையும் முப்பதுதான்.

காது போனாலும் தாளம் என்னிடம் மிச்சம் இருக்கிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஆஸ்பத்திரியில்கூட நான் அழவில்லை, அன்றைக்குத்தான் அழுதேன். உன் பாட்டு தப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லைலே. நான்தான் தப்பு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு நல்லா இருக்கு என்று எழுதினேன். தாளம் போகவில்லை என்று எனக்குத் தெரிவதற்கு உன் ஐந்நூறு கேசட் வீணாக வேண்டியிருந்திருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

மழைக்குச் சுருதி கேட்டாயே. ரிப்பேருக்குப் போன டேப் ஜூலை பத்தொன்பதாம் தேதிதான் வந்தது. மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆனைக்குட்டம் டேப்பை நல்லசிவம் அண்ணாச்சி போன மாதம் தேடிக் கொடுத்துவிட்டார். உன் மச்சானைக் கேட்கச் சொல்லிக் காலண்டர் தாளைக் கொடுத்தேன். பாட்டு முடிந்தும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ கேட்டு எழுது. நான் எப்படிப் பாடியிருக்கிறேன்? என் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. பொய் மட்டும் எழுதாதே.

வராதே தம்பி. வந்தாலும் நின்றுவிடாதே.

அக்கா


தாராவி
26-3-2004

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ரயில் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, என் கையாலேயே தருவேன். நான் நேரில் சொன்னால் உனக்குக் கேட்காது. எட்டு நாள் இருப்பேன், பிறகு திரும்பிவிடுவேன். உன் சத்தியத்தை மீறிய மச்சானின் காலில் முதலில் விழ வேண்டும். நான் எழுதிய அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

எட்டுப் பாட்டின் மூலப் பதிவும் பத்திரமாக இருக்கிறது. வீரலட்சுமி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், சரி என்றாள். நல்ல டெக்கில் மறுபடி இறக்கி எடுத்து வருகிறேன். மடியில் வைத்து எண்ணிச் சொல். இருபத்தெட்டு வந்தால்தான் அடிக்கக் கொடுப்பேன்.

இனி நீ கேட்டது.

இந்தத் தடவை நான் சொல்கிற குழு வெள்ளிச்சரம், ஊர் விஸ்வநத்தம். பாடியவர் செல்வலட்சுமி, கூடப் பாடியவர் பஞ்சம்மாள். கடையில் கிடைக்காது. அன்று ஆனைக்குட்டத்தில் இருந்தவர்கள்தான் கேட்டது, அவர்களிலும் பாதிப் பேர் நடுவில் கிடாக்கறிச் சோற்றுக்குப் போய்விட்டார்கள். அதனால் இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

குரல் மெல்லிசு இல்லை, நல்ல நாட்டு ஓடு போல இருக்கிறது, தட்டினால் ணங்கென்கிறது. மேலே ஏறும்போது ஒரு சின்னக் கரகரப்பு வருகிறது. நீ அதை எப்போதும் குறை என்பாய். நான் பத்துத் தடவை கேட்டுவிட்டேன், அந்த இடத்துக்காகத்தான் திருப்பித் திருப்பிப் போட்டேன். இரண்டாவது சரணத்தில் மைக் செத்துவிடுகிறது. உருமியும் கூட்டமும்தான் கேட்கிறது. மைக் திரும்ப உயிர்பெறும்போது நீ நிறுத்தியிருக்கவில்லை, வர வேண்டிய வரியில் வர வேண்டிய எழுத்தில் நிற்கிறாய். பொய் எழுதாதே என்றாய், அதனால் இதையும் எழுதுகிறேன். மூன்றாவது சரணத்தில் வரி மறந்துபோய் பஞ்சம்மாள் பாட வேண்டியதை நீ பாடிவிட்டாய். அவள் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு நன்றாகப் பதிந்திருக்கிறது.

புதுக் கேசட்டில் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் இதை வைக்கிறேன். எதையும் வெட்ட மாட்டேன்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகு, மைக் திறந்திருப்பது தெரியாமல் நீ என்னிடம் பேசுகிறாய். "ஏலே செல்வம், நல்லாருந்துச்சாலே?" என்று கேட்கிறாய். டேப் அந்த இடத்தில் தீர்ந்துவிடுகிறது. நான் என்ன சொன்னேன் என்பது அதில் இல்லை, எனக்கும் ஞாபகமில்லை.

நல்லாருந்துச்சுக்கா.

உன் தம்பி,
செல்வக்குமார்